கொழுந்தனாருக்குப் போர்த்திய சால்வை

செஞ்சியில் என் குரலைக் கேட்காத வீடு குறைவு. முகத்தைத் தெரிந்தவர்கள் எங்கள் தெருவோடு சரி. பெருமைக்காகச் சொல்லவில்லை, பயந்து பயந்து நானே செய்துகொண்ட ஏற்பாடு அது.

இலங்கையிலிருந்து படகில் வந்தபோது நான் சிறுபிள்ளை. முகாமில் வளர்ந்தேன். ஒன்பதாவதோடு படிப்பு நின்றது. இந்த ஊர்க்காரரைக் கட்டிப் பிள்ளைகள் பெற்ற பிறகும் காகிதத்தில் அகதிதான். செல்போனை வைத்து ஊர்ச் செய்தி சொல்லும் யூடியூப் சேனல் தொடங்கினேனே, அதை என் பெயரில் வைக்கக் கை வரவில்லை. யாராவது விசாரிக்க வந்தால்? முகாமில் இருக்கும் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டால்? நடக்காததையெல்லாம் யோசித்தேன். கணவரின் தம்பி பெயரில் வைத்தோம். முகப்பில் அவர் படத்தைப் போட்டதும் நான்தான்.

மேல்மலையனூர் அமாவாசைக்குச் சிறப்பு பஸ் எப்போது, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை என்ன விலை, எந்தத் தெருவில் தண்ணீர் வரவில்லை, எல்லாவற்றையும் படம் பிடித்து, வெட்டி ஒட்டி, குரல் கொடுத்து ஏற்றுவது நான். முதலில் சொந்தக்காரர்கள் மட்டும் பார்த்தார்கள். இப்போது கடை விளம்பரம் வீடு தேடி வருகிறது. வருகிறவர்கள் கொழுந்தனாரைத்தான் கேட்கிறார்கள்.

இந்த வருடம் ஒரு சங்கத்தார் கல்யாண மண்டபத்தில் விழா வைத்து, சேனல்காரருக்குச் சால்வை போர்த்துவதாகச் சொன்னார்கள். கொழுந்தனார் முந்தின நாளே வந்தார்.

"மேடையில உங்களயும் கூப்புடுறேன் அண்ணி. எல்லாம் இவங்கதான்னு சொல்லிடறேன். லைவ் மட்டும் கட் ஆவாம பாத்துக்குங்க."

நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு போனேன். கூப்பிட்டால் மேடையில் என்ன பேசுவது என்று ஒரு கவலை. கூப்பிடாமல் விட்டால் என்று அதைவிடப் பெரிய கவலை.

சால்வை போர்த்தினார்கள். அவர் மைக்கைப் பிடித்தார். "சோறு தண்ணி இல்லாம, ஒத்த ஆளா நின்னு வளத்தேன் இந்த சேனல!" கைதட்டினார்கள். நான் போனை இரண்டு கையாலும் பிடித்து, அவர் முகம் நடுவில் நிற்கும்படி வைத்திருந்தேன். நகர வழியில்லை, நகர்ந்தால் படம் ஆடும். அடுத்து என்னைத்தான் சொல்வார், அடுத்து என்னைத்தான் என்று காத்திருந்தேன். நண்பர்களுக்கு நன்றி சொன்னார். மைக் செட்காரருக்குச் சொன்னார். போட்டோவுக்கு நிற்கப் போய்விட்டார்.

பக்கத்து நாற்காலியில் கடைத்தெருப் பாத்திரக்கடை அம்மா. லைவ் தொடங்கும்போது நான் வணக்கம் சொன்னதைக் கேட்டிருக்கிறார்.

"ஏம்மா, தெனம் சேதி சொல்றது நீதானா? அதே கொரலா இருக்குது."

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஓம், நான்தான். எல்லாம் நான்தான் செய்யிறனான்."

செஞ்சியில் நான் வெளியே விடாமல் வைத்திருந்த இலங்கைப் பேச்சு அது. எனக்கே யாரோ பேசியதுபோல் இருந்தது.

"அடப் பாவமே! அப்ப இவரு இன்னாத்துக்கு அங்க நிக்கிறாரு?" என்று அந்த அம்மா உரக்கச் சிரித்தார். போன் என் கையில்தான் இருந்தது. மேடையைவிட நாங்கள் பேசியதுதான் லைவில் தெளிவாகப் போயிருக்கிறது.

சாயங்காலம் கொழுந்தனார் வீட்டுக்கு வந்தார். "அண்ணி, நீங்க பேசுனத மட்டும் வெட்டிடுங்க. கமெண்ட்ல கண்டபடி கேக்குறாங்க. டென்ஷனா இருக்குது."

"ஒத்த ஆளா வளத்தவன் நீதான? நீயே வெட்டேன்டா" என்றார் என் கணவர்.

"எனக்கு எங்கண்ணா தெரியும்? அண்ணிக்குத்தான தெரியும்." கணவர் சிரித்தார். கொழுந்தனார் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "சேனல் எம்பேர்ல இருக்குது அண்ணி. பாத்துக்குங்க" என்றார்.

"பாக்கறேன் தம்பி" என்றேன்.

இன்னும் வெட்டவில்லை. கேட்கும்போதெல்லாம் நெட் சரியில்லை என்கிறேன். தைரியம் என்று நினைக்க வேண்டாம். அதை எடுத்துவிட்டால் நான் இருந்ததற்கு வேறு சாட்சி இல்லை. எடுக்காவிட்டால் ஒருநாள் பாஸ்வேர்டை மாற்றி என்னைச் சேனலிலிருந்து வெளியே தள்ளிவிடுவார். அதற்கு என்னை மாதிரி வருடக்கணக்கில் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. யாராவது ஒருமுறை சொல்லிக் கொடுத்தால் போதும்.

காலையில் எழுந்ததும், சேனல் எனக்குத் திறக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன். இன்றைக்கும் திறந்தது. வணக்கம் சொன்னேன். இன்றைய மல்லாட்டை விலையிலிருந்து தொடங்கினேன்.