மேஸ்திரியின் சருகுமேடு

எங்கள் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் பழுப்பு நிறக் கம்பளிக் குல்லா ஒன்று தொங்குகிறது. எங்கள் ஊரான பெருமாட்டியில் கம்பளிக் குல்லாவுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் கேட்கட்டும். இங்கே மார்கழியிலும் உச்சிப்பொழுதில் முந்தானையால் விசிறிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒட்டடை அடிக்கும்போதெல்லாம் தம்பியின் மனைவி அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, நாத்தனாரான என்னிடம், "நங்கையா, இதெ வீசிப் போடட்டுங்களா?" என்பாள். நான் வாங்கி, தூசி தட்டி, மறுபடியும் அதே ஆணியில் மாட்டுவேன். மலைமேல் சூரியநெல்லியில் எஸ்டேட் டிஸ்பென்சரி நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்று வந்தபோது எத்தனையோ சாமான்களைக் கொடுத்துவிட்டு வந்தேன். இதைக் கொடுக்க மனம் வரவில்லை.

அது கவாத்து மேஸ்திரியின் குல்லா. தேயிலைச் செடிகளைக் குறைத்து வெட்டுகிற கவாத்து வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவர் ஆட்களை நிறுத்தி வெட்டிய சரிவு, பாய் விரித்ததுபோல் மட்டமாகக் கிடக்கும். அப்படிப்பட்ட மனிதர், ஐப்பசி பிறந்துவிட்டால் தன் வீட்டுப் பின்புறத்தில் மட்டும் கத்தி பட விடமாட்டார். பீன்ஸ் கொடி காய்ந்து தொங்கினாலும் பிடுங்கமாட்டார். சில்வர் ஓக் சருகைச் சாக்குச் சாக்காகச் சுமந்து வந்து வேலியோரம் முழங்கால் உயரத்துக்குக் கொட்டுவார். பூனை நுழையாதபடி அதன்மேல் கவாத்துக் குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்புவார். பக்கத்தில் ஒரு மண்தட்டில் தண்ணீர். பனி உறைந்து தண்ணீர் கண்ணாடியாகிவிட்ட காலைகளில், கெட்டிலோடு வந்து கொஞ்சம் வெந்நீர் ஊற்றிக் கலக்கிவிட்டுத்தான் வேலைக்குப் போவார்.

எஸ்டேட் வீட்டு வரிசையான லயம் முழுக்க அதைக் குப்பைமேடு என்றே கேலி பேசியது. பக்கத்து வீட்டுக்காரியான நானும் சும்மா இருக்கவில்லை. "ஊருக்கெல்லாம் முடி வெட்டி உட்டுப்போட்டு நீங்க மட்டும் சடை வளத்தறீங்களாக்கும்?" என்று கேட்டிருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே, "எனக்கில்ல நர்ஸம்மா, விருந்தாளிக்கு" என்பார். விருந்தாளி யார் என்று எனக்கு அப்போது தெரியாது.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலத்தில் ஒரு நாள் காலை, மஞ்சு மூட்டத்துக்குள்ளிருந்து வெறுந்தலையோடு மேஸ்திரி டிஸ்பென்சரிக்கு வந்தார். சுடுசோற்றுக் கிண்ணத்தை ஏந்துவதுபோல் இரண்டு கையாலும் குல்லாவைப் பிடித்திருந்தார். ஏதோ பாம்பைத்தான் கொண்டு வருகிறார் என்று நான் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். உள்ளே இருந்தது ஒரு குருவி. கண்ணில் கறுப்புப் பட்டை, முதுகில் பச்சை, தோளில் ஒரு துளி நீலம், வாலுக்கடியில் ரத்தச் சிவப்பு. காலையும் மாலையும் ஆறு மணிவாக்கில் கூவுகிற ஆறுமணிக் குருவி. வடக்கே எங்கிருந்தோ பறந்து வந்த களைப்பில் ஃபாக்டரி ஜன்னலில் மோதி விழுந்திருந்தது. எந்த மருந்து, எத்தனை சொட்டு என்று நான் அலமாரியைத் துழாவ, "மருந்தெல்லாம் வேண்டாம். இருட்டும் சூடும் போதும். ஒரு மணிக்கூறு யாரும் தொறக்காமப் பாத்துக்கிடுங்க" என்றார். குல்லாவைப் பஞ்சு அலமாரியில் வைத்தேன். அன்று வரிசையில் நின்றவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள், இருமலைக்கூட அடக்கிக்கொண்டு இருமினார்கள்.

பிறகு அவர் அதைச் சருகுமேட்டருகே விட்டார். அன்று மாலை, விளக்கு ஏற்றும் நேரத்தில், மஞ்சுக்குள்ளிருந்து இரண்டு சுரத்தில் ஒரு சீழ்க்கை வந்தது. மலை முழுக்க உறைபனி விழுந்தாலும் சருகுக்கடியில் மண் இளகியே இருக்கும், புழு இருக்கும், வெயில் காலம் வரை அதற்கு அது போதும் என்றார் மேஸ்திரி. அதற்குப்பின் அந்தச் சீழ்க்கை கேட்டுத்தான் எனக்கு விடிந்தது. நேரம் போவதே தெரியாமல், தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் அதைக் கேட்டபடி கிடந்த காலைகள் எத்தனையோ.

அவருக்கு ஓய்வு நெருங்கியது. பங்குனியில் வீட்டைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். அந்தக் கடைசிக் குளிர்காலத்தில், மகளின் பிரசவத்துக்காகத் தென்காசிப் பக்கம் போயிருந்தார். கிறிஸ்துமஸுக்கு முன்பு தேவாலயக் கீதக் குழு வீடு வீடாகப் பாடிக்கொண்டு வரும். அதற்குள் லயத்தில் ஒரு முற்றம் பாக்கியில்லாமல் பெருக்கி, குப்பையை எரித்து, சுவருக்கு வெள்ளை அடித்துவிடுவார்கள். ஆள் இல்லாத மேஸ்திரி வீடு மட்டும் அலங்கோலமாகக் கிடப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அது அவருடைய பண்டிகை, என் பண்டிகையாக இருந்தால் அவர் சும்மா இருப்பாரா என்று நினைத்தேன். இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு போய், கொடியைப் பிடுங்கி, சருகுமேட்டுக்கு நெருப்பு வைத்தேன். அடியிலிருந்து அரணைகளும் குட்டித் தவளைகளும் ஓடின. பண்டிகை அவசரத்தில், அப்போதும் எனக்குக் குருவியின் நினைவு வரவில்லை. நல்லவேளை சுத்தம் செய்தோம் என்றுதான் தோன்றியது. வேலியோரக் கற்களுக்கு வெள்ளை வேறு அடித்தேன். அன்று மாலை ஆறு மணிக்குச் சீழ்க்கை வரவில்லை என்பதைக்கூட மறுநாள்தான் கவனித்தேன்.

திரும்பி வந்தவர், கையில் பையோடு அங்கேயே நின்றார். "கல்லுக்கெல்லாம் வெள்ளை அடிச்சிருக்கீங்களே, நர்ஸம்மா" என்றார். திட்டியிருந்தால் தேவலை. அதன்பின் தினமும் காலையில் டீ கிளாஸோடு அந்த வெறும் மண்ணருகே அவர் நிற்பதை என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். அவருக்கு அங்கே மிச்சமிருந்ததே அந்தக் காலைகள்தான், அவற்றை நான் எரித்துவிட்டேன். நான்காம் நாள் போய் அழுதுவிட்டேன். அவர் என்னை அழவிட்டு, "குருவிக்கு வீட்டு நம்பரா தெரியும்? மண்ணு ஈரமா இருட்டாக் கெடந்தா வரும். உங்க பொறவாசல் சும்மாத்தான கெடக்கு?" என்றார். அந்த வாரம் முழுக்க இருவரும் சருகு சுமந்து என் வீட்டுப் பின்னால் கொட்டினோம். ஆனால் அந்தக் குளிர்காலம் குருவி வரவே இல்லை.

பங்குனியில் ஜீப்பில் ஏறும்போது தலையிலிருந்த குல்லாவைக் கழற்றி என் கையில் வைத்தார். "என்னைக்காவது ஒண்ணு விழுந்து கெடக்கும். கையால தொடாதீங்க, இதுல தூக்குங்க."

அடுத்த ஐப்பசியில், என் சருகுமேட்டிலிருந்து சீழ்க்கை வந்தது. ஓடிப்போய் அவருக்குப் போன் போட்டு, போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன். சீழ்க்கை ஓய்ந்ததும் போனைக் காதில் வைத்தேன். "சரி, வந்துட்டு" என்றார். பழைய குருவிதானா என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவர் இறக்கும்வரை வருடத்துக்கு ஒருமுறை அந்தப் போன் உண்டு.

இங்கே பெருமாட்டியிலும் கிணற்றுக்கு அப்பால், வேலியோரம், மாஞ்சருகும் தென்னை ஓலையும் மட்டையுமாக ஒரு மேடு வைத்திருக்கிறேன். "பாம்பு வந்து அடையுமுங்க நங்கையா" என்று தம்பி மனைவி சொல்லாத வாரமில்லை. அவள் சொல்வதும் நியாயம்தான். அதனால்தான் வீட்டை ஒட்டி வைக்கவில்லை. குல்லாவின் கதையை அவளிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே இருப்பாள். கேட்டாளா இல்லையா என்று தெரியாது. மூன்று குளிர்காலம் போயிற்று. அரணை வந்தது, கீரி வந்தது, ஆறு மணிக்கு மட்டும் எதுவும் வரவில்லை.

போன வாரம் விடிகாலை, காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் இறைக்கப் போனவள் வெறுங்குடத்தோடு திரும்பி வந்தாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள், அன்றைக்கு டிஸ்பென்சரி வரிசையில் பேசினார்களே அப்படி.

"நங்கையா, கெணத்து மேட்டுல ஒண்ணு உளுந்து கெடக்குதுங்க. வாலுக்கடியில செவப்பா. நான் கையில தொடலீங்க."

நான் டம்ளரை வைத்துவிட்டு எழுந்திருப்பதற்குள், அவளே அடுக்களைக் கதவைச் சாத்தி, ஆணியிலிருந்து குல்லாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.