ஸ்டென்ட் வைத்த பி.டி. டீச்சர்

என் மனைவி கீழ்பென்னாத்தூர் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் விளையாட்டு சொல்லித்தரும் பி.டி. டீச்சர். எனக்குத் திருவண்ணாமலையில் பாத்திரக்கடை. நான் உட்கார்ந்து சம்பாதிப்பவன், அவள் ஓடிச் சம்பாதிப்பவள் என்று சொந்தக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். நெஞ்சுவலி என்று ஒன்று வந்தால் எனக்குத்தான் வரும் என்று நானே நினைத்திருந்தேன். வந்தது அவளுக்கு.

ஒருநாள் சாயங்காலம் மாணவிகளுக்குக் கோகோ பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். தாடையும் இடது தோளும் இழுத்துப் பிடித்திருக்கின்றன. வாயுவாக இருக்கும் என்று சோடா வாங்கிக் குடித்திருக்கிறாள். வியர்வை நிற்கவில்லை. அதைப் பார்த்த கணக்கு டீச்சர், அவள் வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல் தன் காரில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது ஈ.சி.ஜி. எடுத்து முடித்திருந்தார்கள். மாரடைப்பு. அங்கிருந்து ஆம்புலன்ஸில் வேலூர். போனதுமே அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அப்போது அவளுக்கு நாற்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை.

வீடு திரும்பியதும் பார்க்க வந்தவர்கள் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். மாடி ஏறாதே, குடம் தூக்காதே, சத்தம் போட்டுப் பேசாதே. என் அக்கா மட்டும் முடிவே சொல்லிவிட்டார்.

"வேலைய எழுதிக் குடுத்துட்டு நிம்மதியா இரும்மா. தம்பிதான் கடை வச்சிருக்கானே."

தலைமையாசிரியை நல்ல மனசோடு நூலக வேலைக்கு மாற்றித் தருவதாகச் சொன்னார். "அப்போ லைப்ரரி டீச்சர கிரவுண்டுக்கு அனுப்புவீங்களா மேடம்?" என்று இவள் கேட்க, அவர் சிரித்துவிட்டார். அந்தப் பேச்சு அத்தோடு நின்றது.

முதல் பரிசோதனைக்குப் போனபோது டாக்டரிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நான் திரும்ப ஓடலாமா சார்?"

"மொதல்ல நடங்கம்மா. நடக்கும்போது பேச முடியணும். முடியலன்னா வேகத்தக் கம்மி பண்ணுங்க. அப்புறமா ஓடுறதப் பாக்கலாம். மாத்திரைய மட்டும் எங்களக் கேக்காம நிறுத்தக் கூடாது."

நடந்தாள். முதலில் தெருமுனை வரை, பிறகு செங்கம் ரோட்டில் ஆசிரமம் வரை. துணைக்குப் போன எனக்குத்தான் மூச்சு வாங்கியது. "என்னங்க, பேச முடியுதா?" என்று திரும்பித் திரும்பிக் கேட்பாள். டாக்டர் சம்மதித்த பிறகு பள்ளிக்குப் போனாள். மாணவிகள் அவள் முன்னால் பயந்து பயந்து, மெதுவாக ஓடினார்களாம். "நான் என்ன கண்ணாடி பொம்மையா? ஓடுங்கடி" என்று விசிலை ஊதியிருக்கிறாள்.

எல்லாம் நேராகப் போய்விடவில்லை. மூன்று நான்கு வருடம் கழித்து மறுபடியும் நெஞ்சில் ஒரு அழுத்தம். உடனே வேலூருக்குக் கிளம்பினோம். மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், "ஸ்டென்ட் நல்லாத் தெறந்திருக்கு. வேற ஒரு குழாய்ல லேசா அடைப்பு. அது மாத்திரைக்கே கட்டுப்படும்" என்றார். அன்று கேன்டீனில் இட்லியை முன்னால் வைத்துக்கொண்டு அவள் அழுதாள். மாரடைப்பு வந்தபோதுகூட அழாதவள். அழுது முடித்து, இட்லியைத் தின்றுவிட்டு, "அடுத்த வாரம் மண்டலப் போட்டிங்க" என்றாள்.

ஸ்டென்ட் வைத்துப் பத்து வருடம் தாண்டிவிட்டது. போன வருடம் டிரெட்மில்லில் ஓடவிட்டு இதயத்தைப் பரிசோதித்தார்கள். "போதும்மா, எறங்கிக்கோங்க" என்று டெஸ்ட் எடுத்த பெண் சொன்னபோது, "இன்னும் களைக்கலியேம்மா" என்றாள் இவள். முடிவைப் பார்த்த டாக்டருக்கும் சந்தோஷம். வெளியே உட்கார்ந்திருந்த ஒருவரைக் காட்டினார். ஸ்டென்ட் வைத்துச் சில மாதமாகியும் பயந்துகொண்டு கட்டிலை விட்டே இறங்காத விவசாயியாம்.

"டீச்சர், நாங்க சொன்னா அவருக்கு நம்பிக்கை வரல. நீங்க ரெண்டு வார்த்தை பேசுங்களேன்."

இவள் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன பயிர் என்று விசாரித்தாள்.

"நெல்லு, மல்லாட்டை" என்றார். வேர்க்கடலையைத்தான் அப்படிச் சொன்னார். "இப்போ நான் வயலுக்கே போறதில்லம்மா, தம்பிதான் பாத்துக்கறான். நடந்தா உள்ள வச்ச ஸ்பிரிங்கு நழுவிடாதுங்களா?"

"எனக்கும் வச்சிருக்குங்க. பத்து வருஷத்துக்கு மேல பசங்களோட ஓடிட்டுதான் இருக்கேன். அது குழாயோட ஒட்டிக்கிச்சு, எங்கயும் போகாது. டாக்டரே நடக்கச் சொல்றாரு. வாங்க, அந்த ஜன்னல் வரைக்கும் போயிட்டு வரலாம்."

அவர் பக்கத்தில் இருந்த தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா தலையாட்டியதும் எழுந்தார். இவளும் அவரும் மெதுவாகப் பேசிக்கொண்டே நடந்தார்கள். ஜன்னலைத் தொட்டதும் அவர் நிற்கவில்லை. வராந்தாவின் கோடி வரை போய்த் திரும்பினார்.

என் பக்கத்தில் இருந்த பெரியவர், "அந்தம்மா இங்க டாக்டருங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. அவங்களும் பேஷன்ட்டுதான். என் வீட்டுக்காரம்மா" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லியிருக்கிறேன் போல. நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.