‘முடிந்தது’ என்று சொன்ன சேர்வர்

கண்டியில் ஒரு சிறிய ஒலிப்பதிவு நிலையத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப்புத்தகங்களை அங்கே ஒலிநூலாக்குகிறோம். பிலிமத்தலாவையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பஸ்ஸில் வந்து வாசிப்பார். ஹுன்னஸ்கிரியவைச் சேர்ந்த பெண் ஒருவர் அதைத் திருத்தி ஒழுங்குபடுத்துவார். பதிவுகளெல்லாம் எல்லோருக்கும் பொதுவான சேர்வர் கணினியில் இருக்கும்.

ஒரு மழைநாள் மத்தியானம் அந்தப் பெண் விஞ்ஞானப் பாடமொன்றைச் சேர்வரிலேயே நகலெடுத்தார். கண்ணிமைப்பதற்குள் ‘முடிந்தது’ என்று வந்தது. அந்த நம்பிக்கையில், பாடத்தை இரண்டாகப் பிரிப்பதற்காக மூலப்பதிவில் பெரும்பகுதியை வெட்டிச் சேமித்தார். உடனே இடி விழுந்து கரண்ட் போனது. யூபிஎஸ்ஸும் கைவிட்டது. சேர்வர் திரும்ப எழுந்தபோது நகலின் பெயர் மட்டும் இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

“நீர் தெரியாமல் அழிச்சுப்போட்டீர் போல,” என்றார் நிலைய மேலாளர்.

“இல்லைங்க ஐயா. காப்பி ஆயிருச்சுன்னு வந்த பொறகுதான் கை வச்சேன்,” என்றார் அந்தப் பெண். அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை.

எனக்கு அவர் சொன்னதில் சந்தேகம் வரவில்லை. மறுநாள் ஒரு பழைய கணினியில் அதே சேர்வரைப் போல ஒன்றை அமைத்தேன். ஒரு கோப்பை நகலெடுத்து, ‘முடிந்தது’ என்று வந்ததும் வயரைப் பிடுங்கினேன். திரும்ப இயக்கியபோது அங்கேயும் பெயர் மட்டுமே மிஞ்சியது.

மேலாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன். “ஐயா, மற்ற நேரத்தில எழுதினதை டிஸ்க்கில பதிஞ்ச பிறகுதான் சேர்வர் பதில் சொல்லும். இப்பிடி சேர்வருக்குள்ளயே நகல் எடுக்கேக்க மட்டும் பதியிறதுக்கு முன்னமே முடிஞ்சுது எண்டு சொல்லுது. பிள்ளையில பிழை இல்லை.”

அவர் நேராக அந்தப் பெண்ணின் மேசைக்குப் போனார். “குறை நினையாதையும் பிள்ளை. நான் அவசரப்பட்டுக் கதைச்சிட்டன்,” என்றார்.

சேர்வர் மென்பொருளின் புதிய பதிப்பில் இந்தக் குறையைத் தீர்த்திருந்தார்கள். அதை ஏற்றி, பழையபடி வயரைப் பிடுங்கிப் பார்த்தேன். நகல் முழுதாக இருந்தது. பதில் வரக் கொஞ்சம் தாமதமானது, அவ்வளவுதான்.

ஆனாலும் போன வாசிப்பு போனதுதான். ஆசிரியையிடம் சொல்ல அந்தப் பெண் தயங்கித் தயங்கி நின்றார். விஷயத்தைக் கேட்டு ஆசிரியை சிரித்தார்.

“அதுக்கென்ன மகள், இன்னொருக்கா வாசிப்பம். இதயத்தப் பத்தின எடத்துல போன தரம் நான் வேகமா ஓடிட்டேன். புள்ளைகளுக்கு விளங்கியிருக்காது.”

இம்முறை அவர் நிறுத்தி நிதானமாக வாசித்தார். அந்தப் பாடம்தான் மாணவர்களுக்குப் போனது.

இப்போதும் அந்தப் பெண் ஒவ்வொரு நகலையும் எடுத்தவுடன் திறந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கொஞ்சம் கேட்டுப் பார்க்கிறார். கேட்கும் ஒலி சேர்வரின் தற்காலிக நினைவகத்திலிருந்தே வந்துவிடும். டிஸ்க்கில் பதிந்ததா என்பதை அது காட்டாது. இப்போது சேர்வரே பதிந்த பிறகுதான் பதில் சொல்கிறது என்பதால், அதை நான் அவரிடம் சொல்லவில்லை. கேட்டு முடித்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிகிறது.