ஆளுக்கொரு பொத்தான்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் மின் பராமரிப்பு மேற்பார்வையாளராக வேலை பார்த்த தொழிற்சாலையில் பம்பு மோட்டாருக்கான இரும்பு மூடிகள் செய்தோம். தட்டையான தகட்டை அச்சின் மேல் வைத்தால், ஹைட்ராலிக் பிரஸ் மேலிருந்து இறங்கி அழுத்தும். தகடு கிண்ணம் போல வளைந்து மூடியாகிவிடும். தகடு இருக்க வேண்டிய இடத்தில் கை இருந்தாலும் பிரஸ் அதே சிரத்தையோடு அழுத்தும். அதனால்தான் ஒரு மஞ்சள் நிற மாட்யூலை வாங்கி வந்து பொருத்தினோம்.

உள்ளங்கை அளவுப் பெட்டி அது. பிரஸ்ஸின் முன்னால் இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொரு பச்சைப் பொத்தான். இயக்குபவர் இடது கையால் ஒன்றையும் வலது கையால் மற்றதையும் அரை வினாடி இடைவெளிக்குள் அமுக்கினால்தான் மாட்யூல் அனுமதி தரும். பிரஸ் இறங்கும்போது ஒரு கையை எடுத்தாலும் அப்படியே நின்றுவிடும். இரண்டு பொத்தான்களையும் விட்டுவிட்டு மறுபடி அமுக்கினால்தான் அடுத்த இறக்கம். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் அச்சுக்குள் கை இல்லை என்று பொருள். கணக்கு சுத்தமாக இருந்தது.

ஆட்கள் அதை ஏமாற்றப் பார்க்காமல் இல்லை. ஒருவர் சைக்கிள் டியூபால் ஒரு பொத்தானை அமுக்கிக் கட்டினார். மாட்யூல் அசையவில்லை. இன்னொருவர் மூங்கில் தப்பையைக் குறுக்கே வைத்து இரண்டையும் ஒரே கையால் அமுக்க முயன்றார்; பொத்தான்களைச் சுற்றியிருந்த மூடாக்கு தப்பையை உள்ளே விடவில்லை. ஒருவர் முழங்கையையும் முழங்காலையும் பயன்படுத்திப் பார்த்து, கடைசியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மணவாள நகர் வீட்டுக்குத் திரும்பும் கம்பெனி பஸ்ஸில் டைரி எழுதுவது என் பழக்கம். பஸ் குலுங்கிய இடங்களில் எழுத்தும் குலுங்கியிருக்கும். அந்த வாரம் முழுவதும் 'மாட்யூல் வென்றது' என்றே எழுதியிருக்கிறேன்.

மாட்யூலோடு வந்த கையேட்டை வரிவரியாகப் படித்து, ஒவ்வொரு வரிக்கும் பென்சிலால் குறி போட்டிருந்தேன். 'ஒருவருக்கு மேல் நின்று வேலை செய்தால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இரண்டு பொத்தான்கள் வேண்டும்' என்று அதில் ஒரு வரி இருந்தது. எங்கள் பிரஸ்ஸுக்கு ஒரே ஆள்தான். 'பொருந்தாது' என்று எழுதினேன். ஆனாலும் சந்தேகம் தீர, நானும் மேனேஜரும் ஆளுக்கொரு பொத்தானில் நின்று ஒன்று இரண்டு மூன்று சொல்லி இருபது முறை அமுக்கிப் பார்த்தோம். ஏழு முறைதான் பிரஸ் இறங்கியது. ஷிஃப்ட் முழுவதும் இரண்டு பேர் அரை வினாடிக்குள் ஒத்துப்போவது நடக்காத காரியம் என்று முடிவு செய்தேன். இருபது வருட தாம்பத்தியத்தில் நானும் என் மனைவியும் ஒரே நேரத்தில் ஒரு விஷயத்துக்குத் தலையாட்டியதில்லை என்பதும் அந்த முடிவுக்கு ஒரு காரணம்.

ஆடி மாதத் தொடக்கத்தில் அந்த பிரஸ்ஸில் இரண்டு பேரைப் போட்டார்கள். ஒருவர் இயக்க, மற்றவர் தகடு எடுத்துக் கொடுக்க. இருவரும் பொன்னேரிப் பக்கத்து கிராமத்துக்காரர்கள். ஒருவருடைய அக்காவை மற்றவர் கட்டியிருந்தார். இருவருக்கும் என் வயதுதான் இருக்கும். ஊர் அம்மன் கோயில் திருவிழாவில் அக்காவின் கணவர் பம்பை அடிப்பார், தம்பி உடுக்கை அடிப்பார். பம்பைக்காரருக்குத் தன் கைகளைப் பற்றி அபாரமான பெருமை. சூளூர்பேட்டை வரை கூப்பிடுகிறார்கள் என்பார். கூட வேலை செய்பவர்கள் கைகுலுக்க வந்தால் கும்பிடு போட்டு விலகிக்கொள்வார். "இது விரலு இல்ல சார், எங்க அம்மனோட சொத்து. பத்துல ஒண்ணு கொறஞ்சாலும் ஆத்தா வேற ஆளப் பாத்துக்கும்" என்பார்.

இரண்டாவது வாரம் எண்ணிக்கை எகிறியது. வழக்கமாக மாலை வரை ஆகும் மூடிகள் மூன்று மணிக்கே முடிந்துவிட்டன. எண்ணிக்கை முடிந்தவர்கள் கிளம்பலாம் என்பது அங்கே நடைமுறை. இருவரும் முன்னதாகவே ரயிலைப் பிடித்து, திருவிழா ஒத்திகைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மேனேஜருக்கு மகிழ்ச்சி. எனக்குச் சந்தேகம். ஒரு தகட்டை வைத்து, அழுத்தி, எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். எந்த மனிதனாலும் அந்த வேகத்தில் செய்ய முடியாது.

மாட்யூலைத் திறந்து பார்த்தேன். முத்திரை உடையவில்லை. வயர்களும் நான் கட்டியபடியே இருந்தன. மறுநாள் ஸ்டாப் வாட்ச்சோடு தூணருகே போய் நின்றேன். அப்போதுதான் அந்தச் சத்தத்தைக் கவனித்தேன். பிரஸ் தாளத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

இருவரும் ஆளுக்கொரு பொத்தானில் ஒரு கையை வைத்திருந்தார்கள். உடுக்கைக்காரரின் மறு கை தகட்டை அச்சில் வைத்தது. வாயில் ஏதோ தாளச் சொற்கட்டு. இருவரும் ஒரே கணத்தில் அமுக்கினார்கள்; பிரஸ் இறங்கி ஏறியது. பம்பைக்காரரின் மறு கை உள்ளே போய் மூடியைத் தள்ளிவிட்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. மாட்யூல் ஒவ்வொரு முறையும் முழு திருப்தியோடு அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தது.

பம்பைக்காரர் என்னைப் பார்த்துவிட்டார். "இன்னா சார், வாட்ச்ச புடிச்சிக்கினு நிக்கறீங்க? ஓட்டப் பந்தயம் வுடப் போறீங்களா?"

"கைய எடுங்க முதல்ல, ரெண்டு பேரும்."

"மாமா, சார் பேஜாரு பண்ண வந்துகிறாரு" என்றார் உடுக்கைக்காரர்.

"ஆளுக்கு ஒரு கை சும்மா உள்ள போய் வருது. என்னிக்காவது ஒருநாள் அது உள்ள இருக்கும்போதே பிரஸ் இறங்கும்."

"எப்டி எறங்கும்? நான் அமுக்குனாத்தானே எறங்கும். என் கை உள்ள கீறப்ப நான் எதுக்கு அமுக்கறேன்? எனக்கு இன்னா பைத்தியமா?" என்றார் பம்பைக்காரர். "இத்தினி நாள்ல ஒரு அடி தப்பிருக்கா, சொல்லுங்க. உங்க பொட்டியே ஒத்துக்கிச்சு, நீங்க ஒத்துக்க மாட்டேன்றீங்க."

உண்மையில் அவர்கள் ஒரு அடியும் தப்பவில்லை. எனக்கு பயமே அதுதான். தப்பினால் பிரஸ் நின்றுவிடும். தப்பாதவர்களை அவர்களிடமிருந்தே காப்பாற்ற மாட்யூலுக்குத் தெரியாது.

மேனேஜரிடம் சொல்லி அன்றைக்கு பிரஸ்ஸை நிறுத்தி, மறுநாள் மதியம் ஒரு சோதனைக்கு அனுமதி வாங்கினேன். கேன்டீனில் ஐந்து முருங்கைக்காய்த் துண்டுகளும் ஒரு கரண்டி சோறும் கேட்டேன். ஒரு வேலைக் கையுறையின் விரல்களில் முருங்கைக்காயைச் செருகி, உள்ளங்கையில் சோற்றை அடைத்து, நீளமான குச்சியின் முனையில் இறுக்கிக் கட்டினேன்.

"இன்னா சார் இது, ஆடி மாசப் படையலா?" என்று கேட்டார் உடுக்கைக்காரர்.

"இதுதான் இன்னிக்கு உங்க மாமாவோட வலது கை. உள்ள போற வேலையெல்லாம் இதுவே செய்யட்டும். உங்க இடது கை தகடு வைக்கறதோட சரி. வச்சதும் வெளிய வந்துடணும்."

வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. நான் சிவப்பு அவசரப் பொத்தானில் கை வைத்துக்கொண்டு நின்றேன். தாளம் தொடங்கியது. குச்சிக் கையை வைத்தே பம்பைக்காரர் மூடிகளை அழகாகத் தள்ளினார். பத்து மூடிகள் ஆயின. கூட்டம் கைதட்டியது. "சார், டைரில எழுதிக்கோங்க" என்றார்.

பதினோராவது தகடாக, ஓரத்தில் பிசிறு உள்ள ஒன்றை நானே அடுக்கில் வைத்திருந்தேன். அது மூடியாகி அச்சில் மாட்டிக்கொண்டது. பம்பைக்காரர் குனிந்து குச்சிக் கையால் தள்ளினார். வரவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை நெம்பினார். அதற்குள் அடுத்த அடி வந்துவிட்டது. அவருடைய இடது கை அமுக்கியது. அந்தப் பக்கம் மச்சானின் வலது கையும் அமுக்கியது. அரை வினாடிக்குள்தான். பிரஸ் இறங்கியது.

முருங்கைக்காய்ச் சாறு என் கண்ணாடி வரைக்கும் தெறித்தது.

பம்பைக்காரர் குச்சியை வெளியே இழுத்தார். கையுறை தோசை போல வந்தது.

"நான் அமுக்கல சார்" என்றார்.

"அப்ப யாரு அமுக்குனது?"

தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கை அமுக்கிச்சு."

உடுக்கைக்காரர் ஏதோ கேலி சொல்ல வாயெடுத்து, மாமாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பம்பைக்காரர் நசுங்கிய கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு தன் வலது கையை அக்குளில் வைத்துக்கொண்டார்.

"எம்மேலயும் தப்பு இருக்கு" என்றேன். கையேட்டைக் கொண்டு வந்து, நான் 'பொருந்தாது' என்று எழுதிய வரியைக் காட்டிப் படித்துச் சொன்னேன்.

"எழுத்து நல்லா முத்து முத்தாத்தான் கீது சார்" என்றார் உடுக்கைக்காரர்.

அந்தச் சொல்லை அடித்து, 'பொருந்தும்' என்று பேனாவால் எழுதிக் கையெழுத்திட்டு மேனேஜரிடம் கொடுத்தேன். இரண்டாவது மாட்யூல் வந்து சேர ஒன்பது நாள் ஆனது. அதுவரை ஒருவர் மட்டுமே அருகில் நின்று இயக்கினார். எண்ணிக்கை பழையபடி மாலை வரை இழுத்தது. ஒத்திகைக்கு இருவரும் தாமதமாகவே போனார்கள். புதிய மாட்யூலுக்கு இன்னும் இரண்டு பொத்தான்கள். ஆளுக்கு இரண்டு. நான்கு கையும் அமுக்கினால்தான் இரண்டு மாட்யூலும் சரி என்று சொல்லும், பிரஸ் இறங்கும். ஒவ்வொரு பொத்தானையும் தனித்தனியாக விட்டுப் பார்த்து, எல்லாச் சேர்க்கைகளையும் சோதித்துக் குறித்த பிறகு அவர்களைக் கூப்பிட்டேன்.

நான்கு கையையும் சேர்க்க அவர்களுக்கு மூன்றே முயற்சிகள் போதுமாக இருந்தன. எண்ணிக்கை ஏறியது, திருட்டு வேகத்தின் அளவுக்கு இல்லாவிட்டாலும், வழக்கத்தைவிட ஒரு ரயில் முன்னதாகப் பிடிக்கும் அளவுக்கு.

நான் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் பம்பைக்காரர் வலது கையை எடுத்துக் காதைச் சொறிந்தார். இறங்கிக்கொண்டிருந்த பிரஸ் பாதியில் நின்றது. அவர் திடுக்கிட்டு அதை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா சார், நான் சொறியறதுக்கு இது காத்துக்கினு கீது!"

"எவ்ளோ நேரம்னாலும் நிக்கும்."

"பொறுமையா சொறி மாமா" என்றார் மச்சான், தன் இரண்டு கைகளையும் பொத்தான்களிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டு. பம்பைக்காரர் நன்றாகவே, ஐந்து விரலாலும் சொறிந்தார்.