தாய்மாமனுக்குத் தெரியாத வார்த்தை

இன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் அக்காவின் வண்டி செங்கம் ரோட்டில் மாட்டிக்கொண்டது. அவள் மகள் யாழினியைப் பள்ளியிலிருந்து கூட்டிவர நான் போனேன்.

கேட்டில் டீச்சர், "நீங்க யாருங்க?" என்றார்.

"தாய்மாமங்க."

"சரிங்க. வேற ஆள் கூப்பிட வந்தா கேக்கச் சொல்லி வீட்ல குடுத்திருக்கிற ரகசிய வார்த்தைய சொல்லுங்க."

அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. எரிச்சல்தான் வந்தது. பிறந்த அன்றே அவளைத் தூக்கியவன் நான்! அக்காவுக்குப் போன் போகவில்லை. கூட்ட நாளில் டவர் இப்படித்தான்.

கம்பிக்குள் நின்ற யாழினியிடம் குனிந்து, "மாமா காதுல மட்டும் சொல்லும்மா" என்றேன்.

அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். டீச்சர் சட்டென்று அவளைத் தன் பின்னால் இழுத்தார். சுற்றியிருந்த பெற்றோர்கள் பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். ஒருவர் என் பைக் நம்பரைப் போட்டோ எடுத்தார். நான் போனை மறுபடி மறுபடி தட்டிக்கொண்டிருந்தேன். அது என்னை இன்னும் சந்தேகத்துக்குரியவனாகக் காட்டியிருக்கும்.

கடைசியில் அக்காவே கூப்பிட்டு வார்த்தையைச் சொன்னாள். வந்த நிம்மதியில் அதைத் தெருவுக்கே கேட்கும்படி கத்திவிட்டேன்.

பைக்கில் ஏறியதும் யாழினி சொன்னாள்: "போ மாமா, எல்லாருக்கும் கேட்டுடுச்சு. இனிமே வேற வெக்கணும்."

உங்கள் வீட்டில் அப்படி ஒரு வார்த்தை உண்டா? உண்டு, இல்லை என்று மட்டும் சொல்லுங்கள். என்னைப் போல வார்த்தையையே கமெண்டில் போட்டுத் தொலைக்காதீர்கள்.