உளவுக்காரியின் பாட்டு

மூட்டைப்பூச்சி மருந்தும் பீடிப் புகையும் கலந்த வாசனைக்கு நடுவே விளக்குகள் அணைந்தன. திரையில் படம் எதுவும் வரவில்லை, வெறும் இருட்டு. எங்கிருந்தோ வயர்லெஸ் பெட்டியின் கரகரப்பு கேட்டது; அந்தக் கரகரப்பை விலக்கிக்கொண்டு ஒரு பெண்குரல் மிகத் தாழ்வாகப் பாட ஆரம்பித்தது. எனக்கு அப்போது பத்து வயது. பாட்டு என்ன சொல்கிறது என்று மனத்தில் ஏறுவதற்கு முன்பே என் கைகால்கள் சில்லிட்டுவிட்டன. ஏனென்றால் அந்தக் குரல், பக்கத்து நாற்காலியில் புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த என் அம்மாவுடையது.

இந்த அதிர்ச்சி புரிய வேண்டுமானால் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மயிலாப்பூரில் கபாலி கோயிலுக்குப் பின்புறம் குடியிருந்தோம். அப்பா இசைக் கல்லூரியில் பாட்டு வாத்தியார். சபாக் கச்சேரிகளும் செய்துகொண்டிருந்தார். தெருவில் யார் வீட்டு ரேடியோவிலாவது ஒரு பிடி காற்றில் வந்தால் போதும், பாடுகிறவர் யார், அவருடைய குரு யார், அன்றைக்கு அவருக்கு ஜலதோஷமா என்பது வரை சொல்லிவிடுவார். வீட்டை நிர்வகித்தவள் அப்பாவின் அக்கா, என் அத்தை. “சங்கீதம் ரத்தத்துல வரணும், அரிசி மூட்டையோட வண்டியில வராது” என்பது அத்தையின் வாக்கு. கல்யாணமாகிக் கிராமத்திலிருந்து அப்படி அரிசி மூட்டையோடு வண்டியில் வந்தவள் அம்மா. அம்மாவுக்குப் பாட்டு வராது என்பது, எங்கள் கிணற்றில் உப்புத் தண்ணீர் என்பதைப் போல, எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம்.

ஆனால் அம்மா பாடுவாள் என்பது எனக்குத் தெரியும். அப்பா கல்லூரியிலும் அத்தை கோயிலிலும் இருக்கும் பகல் வேளையில், எனக்கு எண்ணெய் வைத்துப் பின்னும்போது, பாதி வாயை மூடிக்கொண்டு அடித்தொண்டையில் முனகுவாள். வாசல் கேட் கிறீச்சிட்டால் நடு வரியிலேயே நின்றுவிடும். எல்லா வீட்டு அம்மாக்களும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

அந்தக் காலத்தில் யுத்தகால உளவுப் படங்கள் என்று ஒரு தினுசு வந்துகொண்டிருந்தது. இன்றைய வாசகர்களுக்கு அதை விளக்கினால் சிரிப்பார்கள். பாட்டுதான் அங்கே துப்பாக்கி. நாயகன் வாத்தியக்காரன் வேஷத்தில் எதிரியின் கூடாரத்துக்குள் நுழைவான். ரகசியமெல்லாம் மெட்டுக்குள் ஒளிந்திருக்கும். நாங்கள் பார்த்த படத்தின் பெயர் ‘கப்பல் வரும் ராத்திரி’. இரண்டாவது உலக யுத்தத்தில் குண்டு விழும் என்று பயந்து சென்னையே காலியாகிக் கிடந்த நாட்கள்தான் கதை. கடற்கரை ஓரத்து கிளப்பில் பாடும் ஒருத்தி எதிரிகளின் உளவுக்காரி. துறைமுகத்திலிருந்து கப்பல் வடக்கே போகிறதா தெற்கே போகிறதா என்பதை, ஒரே பாட்டை மேலே ஏற்றியோ கீழே இறக்கியோ பாடி, வயர்லெஸ் வழியாக நீர்மூழ்கிக்காரர்களுக்குச் சொல்லிவிடுவாள். அவளைப் பிடிக்க வந்த போலீஸ்காரன் அவளுடைய குழுவிலேயே அக்கார்டியன் வாசிக்கிறான். கடைசியில் அவள் மனம் மாறி, வேண்டுமென்றே தப்பான இடத்தில் இறக்கிப் பாடிக் கப்பலைக் காப்பாற்றுகிறாள். பாடிக்கொண்டிருக்கும்போதே தன் ஆட்களால் சுடப்படுகிறாள். குண்டு பட்ட பிறகும் இரண்டு வரி பாடுகிறாள். பத்திரிகைக்காரர்கள் அந்த இரண்டு வரியை வைத்துப் படத்தையே கேலி செய்து முடித்தார்கள். வெள்ளைக்காரி மாதிரி கவுன் போட்ட கெட்டவளுக்காக ஜனங்களை அழவைக்கத் துணிந்த படம் அது என்பதை யாரும் எழுதவில்லை.

முதல் பாட்டு முடிந்ததும் நான் அம்மாவின் பக்கம் திரும்பினேன். வாயைத் திறப்பதற்குள் அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். பெயர்ப் பட்டியல் ஓடியது. அவள் பெயர் எங்குமே இல்லை. அம்மாவுக்கு அந்தப் பக்கத்து நாற்காலியில் அப்பா, தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

படம் முடிந்து வெளியே வந்து மூவரும் ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறினோம். ரிக்‌ஷாக்காரர் நொச்சிக்குப்பத்து மனிதர். மிதிக்க ஆரம்பித்ததுமே பேச ஆரம்பித்துவிட்டார்.

“படம் நிக்காது சாமி. ஃபைட்டே இல்லியாமே. ஆனா அந்தப் பாட்டு கீதே… கொட்டாய் வெளியே குந்திக்கினு மூணு நாளா கேட்டுக்கினு கீறேன். அந்தம்மா இன்னாமா பாடுது!”

அப்பா சினிமாப் பாட்டை மதிக்கிறவரே அல்ல. டெய்லரிங் டீச்சர் கொடுத்த பாஸ் என்று அம்மா வற்புறுத்தியதாலும், காலியான சென்னையைச் சின்ன வயதில் கண்ணால் பார்த்தவர் என்பதாலும் வந்திருந்தார். அவர் சொன்னார்: “வாஸ்தவம்ப்பா. யார்னு தெரியலை. கீழ் ஸ்தாயியில இப்படி நிக்கற சாரீரத்தை இந்த ஊர்ல நான் கேட்டதில்லை. சுருதி அப்படியே ஒட்டிண்டிருக்கு. பம்பாய்க்காரியா இருக்கும்.”

என்னால் நம்பவே முடியவில்லை. ஆயிரம் பேர் குரலை ஒரு மூச்சில் அடையாளம் சொல்கிற மனிதர், தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருப்பவளின் குரலைத் தெரியவில்லை என்கிறார்.

அம்மா தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “நான்தான் பாடினேன்.”

அப்பா சிரித்தார். “நீயா? நன்னா இருக்கே!”

“அம்மாதான்ப்பா,” என்றேன் நான்.

அப்பா என்னைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். சிரிப்பு முகத்திலேயே நின்று, மெல்ல வடிந்தது. “நிறுத்துப்பா” என்றார். லஸ் முனை தாண்டியதும் இறங்கி நடந்து போனார். ரிக்‌ஷாக்காரர் பயந்துபோய், “நான் இன்னாமா தப்பா சொல்லிட்டேன்?” என்று கேட்டார். அம்மா, “ஒண்ணுமில்லேப்பா, போ” என்றாள்.

வீட்டுக்கு வந்த அப்பா சட்டையைக்கூடக் கழற்றவில்லை. கூடத்தில் நின்றபடியே கேட்டார். அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். சாந்தோமில் ஸ்டெல்லா டீச்சர் வீட்டுக்கு அம்மா தையல் கற்றுக்கொள்ளப் போய்க்கொண்டிருந்தாள். டீச்சருடைய தம்பி சினிமாவில் பியானோ வாசிக்கிறவர்; இந்தப் படத்துக்கு இசையும் அவர்தான். அந்தப் படத்தின் பாட்டுக்குப் பல பாடகிகளைப் பாடவைத்துப் பார்த்து, “தேன் வேண்டாம், புகை வேண்டும்” என்று அலைந்துகொண்டிருந்தவர், தையல் மிஷின் சத்தத்துக்கு நடுவே அம்மா முனகுவதைக் கேட்டுவிட்டார். தையல் வகுப்பு நேரத்திலேயே ஒலிப்பதிவு முடிந்துவிட்டது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது அம்மாதான்.

“சங்கீதக்காராளாத்துல கிளப் பாட்டா!” என்று அத்தை தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்பா அதைக் காதில் வாங்கவே இல்லை.

“கல்யாணம் ஆகி இத்தனை வருஷம். ஒருநாள்கூட என் காதுல விழலையே. ஏன்?”

“உங்க காதுல ஒருநாள் விழுந்துதே. பொண் பார்க்க வந்தப்போ பாடினேனே.”

அப்பாவுக்கு நினைவில்லை.

“பாடி முடிச்சு உள்ளே போனேன். ‘பொண் பரவாயில்லை, சாரீரம்தான் தடிச்சுக் கெடக்கு, ஆம்பளைக் குரல்’னு உங்க அக்காகிட்ட சொன்னேள். கதவு ஓரத்துல நின்னுண்டிருந்தேன்.”

அம்மா இதைக் கோபமாகச் சொல்லவில்லை. கடைக்குப் போய் வந்த கணக்கைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். அப்பாவின் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததே இல்லை. அவர் ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டார். “இப்போ ஒரு தடவை பாடேன்” என்றார்.

“கேக்கணும்னா டாக்கீஸுக்குப் போய்க் கேளுங்கோ,” என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குப் போனாள்.

அப்பா போனார். மறுநாளும் அதற்கு மறுநாளும் போனார். மாணவர்களை அனுப்பிவிட்டு மாட்னிக்குப் போவார். ரிக்‌ஷாக்காரர் சொன்ன மாதிரியே படம் நிற்கவில்லை. இரண்டாவது வெள்ளிக்கிழமை வேறு படம் வந்துவிட்டது. இசைத்தட்டு போடுவதற்குள் படமே போய்விட்டதால் பாட்டு ரேடியோவுக்கும் வரவில்லை. அப்புறம் புறநகர்க் கொட்டகைகளில் எங்காவது அந்தப் படம் போட்டிருப்பதாகக் காதில் விழுந்தால் அப்பா பஸ் ஏறிவிடுவார். மணல் தரையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, வேட்டியெல்லாம் மண்ணாக வருவார். சபாக்காரர்கள் யாராவது பார்த்து விசாரித்தால், “ஆமாம், ஒரு நல்ல பாட்டு” என்று மட்டும் சொல்வார். வீட்டில் அம்மாவிடம் அதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. இருவரும் அதைத் தவிர மற்றதெல்லாம் பேசிக்கொண்டார்கள்.

எழுபத்தொன்றில் நிஜ யுத்தம் வந்தது. ஜன்னல்களுக்குக் கறுப்புத் தாள் ஒட்டினார்கள். கார் விளக்குகளின் மேல்பாதிக்குக் கறுப்பு அடித்தார்கள். சாயங்காலமானால் தெருவே ரேடியோச் செய்திக்குக் காதைக் கொடுத்தது. நிஜக் கப்பல்கள் மூழ்கின, நிஜப் பிள்ளைகள் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு உளவுக்காரி பாடுகிறாள், வாத்தியக்காரன் கண்டுபிடிக்கிறான் என்பதெல்லாம் யாருக்கும் பொறுக்கவில்லை. எடுத்துக்கொண்டிருந்த படங்களை முதலாளிகள் பாதியில் நிறுத்தினார்கள். அம்மாவைப் பாட அழைப்பதாக இருந்த இன்னொரு படமும் அப்படித்தான் நின்றது. பியானோக்காரர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். பின்னால் வந்த உளவுப் படங்கள் கலரில் வந்தன. அவற்றில் காரும் துப்பாக்கியும் ஓடின. பாட்டு, காட்சிக்கு நடுவே வந்து போகும் ஓய்வாக ஆகிவிட்டது; அதில் எந்த ரகசியமும் இல்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே, திருவான்மியூர்ப் பக்கத்துக் கொட்டகையில் அந்தப் படம் ஓடுவதாகக் கேள்விப்பட்டு அப்பா போனார். வழக்கத்துக்கு மாறாகச் சீக்கிரமே திரும்பிவிட்டார். அம்மா தட்டு வைத்தாள். அப்பா சாதத்தில் கை வைக்காமல் சொன்னார்:

“பாட்டை வெட்டிட்டான்.”

“எந்தப் பாட்டை?”

“அந்தப் பாட்டைத்தான். அது வர்ற எல்லா எடத்துலயும். எதிரி தேசத்துக்காரி பாடினா ஜனங்க மண்ணை வாரித் திரைமேல அடிக்கறாளாம். ஆபரேட்டர் சொல்றான், ‘துண்டு ஃபிலிமைப் பசங்க கேட்டாங்க சார், குடுத்துட்டேன்’ங்கறான்.”

சாவுச் செய்தியைச் சொல்லும் குரலில்தான் சொன்னார். ஃபிலிமின் ஓரத்தில்தான் ஒலி இருக்கும் என்று அப்பா முன்பே எனக்குச் சொல்லியிருந்தார். எங்கோ ஒரு பையன் லென்ஸ் வைத்துச் சுவரில் கவுன்காரியின் படத்தைக் காட்டி விளையாடிக்கொண்டிருப்பான். அந்தத் துண்டின் ஓரத்தில் என் அம்மாவின் குரல் கோடுகோடாகக் கிடக்கும்.

அம்மா பரிமாறும் கரண்டியைக் கீழே வைத்தாள். அப்படியே அப்பாவின் தட்டுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பாடியபோதும் பெயர் வராதபோதும் அத்தை வைதபோதும் அழாதவள், தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். தன் குரலைத் தான் கேட்க வேண்டும் என்ற ஆசை அவளுக்கும் இருந்திருக்கும் என்பது அந்த நிமிஷம்வரை அப்பாவுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அப்போது அப்பா பாட ஆரம்பித்தார். தொடாத சாதத்தின் முன்னே உட்கார்ந்தபடி, அந்த கிளப் பாட்டை, முதல் வரியிலிருந்து. கீர்த்தனையைத் தவிர வேறெதுவும் வாயில் வராத மனிதர், வரிக்கு வரி, அம்மா மூச்சு விட்ட இடத்தில் மூச்சு விட்டு, அவள் இழுத்த இடத்தில் இழுத்துப் பாடினார். பூஜையறை வாசலில் அத்தை திகைத்து நின்றாள். கடைசி வரி மிகக் கீழே இறங்கும். அப்பா எடுத்த சுருதி தாழ்ந்துபோயிருந்ததால் அங்கே அவர் குரல் வெறும் காற்றாகிவிட்டது. உதடு மட்டும் அசைந்தது. அந்த இடத்தில் அம்மா தன் ஸ்தாயியில் எடுத்துக்கொண்டாள். ஈரக் குரலில், வாயை மூடாமல், அப்பாவின் முகத்தைப் பார்த்தபடி அந்த வரியை முடித்தாள்.

இன்று இருவரும் இல்லை. நாங்கள் படம் பார்த்த டாக்கீஸ் இருந்த இடத்தில் ஜவுளிக்கடை இருக்கிறது. படத்தின் ஒரு பிரதிகூட எங்கும் இல்லை என்று, பழைய படங்களைத் தேடித் திரட்டுகிறவர்கள் சொல்லிவிட்டார்கள். அப்படி ஒரு படமே வந்ததில்லை என்று என்னோடு வாதாடியவர்களும் உண்டு. அந்த வகைப் படங்களின் பெயர்களைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் நான் கற்பனை செய்வதாக நினைக்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை, அந்தப் பாட்டு கடைசியாக முழுதாக ஒலித்தது எங்கள் சமையலறையில்தான்.