உளி படித்த வரி

1. தாள் கிழிந்த இடம்

நனைத்த தாள் கல்லில் கிழிந்தால், என் கைதான் பதறிவிட்டது என்று முதலில் நினைப்பேன். அன்றைக்கு அடுத்த தாளும் அதே இடத்தில் கிழிந்தது. அப்போதுதான் தப்பு கையில் இல்லை, கல்லில் இருக்கிறது என்று தோன்றியது.

கல்வெட்டுப் படி எடுப்பது என் வேலை. எஸ்டாம்பேஜ் என்போம். கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, எழுத்துக் குழிக்குள் இறங்கும்படி பிரஷால் தட்டி, மேலே மைப்பந்தால் ஒற்றினால் கல் கறுப்பாகவும் எழுத்து வெள்ளையாகவும் விழும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பழைய எழுத்தெல்லாம் கல்லைப் பார்த்துப் பார்த்துப் பழகியதுதான். அறுபதுகளில் சிதம்பரத்தில் ரூம் எடுத்துத் தங்கி, எங்கள் ஆபீசரோடு கடலூர் வரைக்கும் கோயில் கோயிலாகச் சுற்றினேன். நான் படி எடுப்பேன், அவர் படித்து ரிப்போர்ட் எழுதுவார்.

இது நடந்தது கடலூர்ப் பக்கம், கடலோரத்துச் சின்னக் கோயில் ஒன்றில். மாசி மகத்தன்று சுவாமி கடலாடப் போவார். மணல் தொடங்கும் இடத்திலிருந்து தண்ணீர் வரைக்கும் பல்லக்கைத் தோளில் தூக்குவது பக்கத்துக் குப்பத்து மீனவர்கள். புதிதாக வந்த தர்மகர்த்தா, "எங்க வகையறாதான் தூக்கணும், கல்லுலயே எழுதியிருக்கு" என்று அவர்களை நிறுத்தப் பார்த்தார். கல்லில் என்ன இருக்கிறது என்று படித்துச் சொல்லும்படி அறநிலைய அதிகாரி எங்களை அனுப்பியிருந்தார். கல் தர்மகர்த்தா பக்கம் பேசினால் குப்பத்துக்காரர்களுக்கு இனி அந்தப் பல்லக்கு கிடையாது.

"தீர்த்தமாடப் போகும் நாளில் தோள் குடுக்கக் கடவார்கள்" என்ற வரி சுத்தமாகப் பதிந்தது. யார் கடவார்கள் என்று பெயர் வரும் இடத்தில்தான் தாள் கிழிந்தது.

ஆபீசர் குனிந்து பார்த்துவிட்டு, "விரல வைப்பா" என்றார்.

வைத்தேன். "கத்தி மாதிரி இருக்கு சார்."

எத்தனையோ தலைமுறை மழையில் நனைந்த எழுத்தின் விளிம்பு பலாக்கொட்டை மாதிரி வழவழவென்று இருக்கும். தாளைக் கிழிக்காது. இது நேற்றைய உளி.

2. தெளிவு பண்ணினவர்

தர்மகர்த்தா விசிறிக்கொண்டே வந்தார். "என்னா சார், எழுத்து நல்லா விழுதா?"

"விழுது. புதுசா வெட்டினதாச்சே, விழாம இருக்குமா?" என்றார் ஆபீசர்.

தர்மகர்த்தா முகத்தில் ஒரு கூச்சம் வரவேண்டுமே! வரவில்லை. "வெட்டலீங்க, தெளிவு பண்ணேன். அந்த எடம் பொரிஞ்சு உதுந்து கெடந்துது. அங்க எங்க வகையறா பேருதான் இருந்திருக்கணும். கல்தச்சனக் கூட்டியாந்து எடுப்பா காட்டச் சொன்னேன்."

"இருந்திருக்கணும்னு யார் சொன்னது?"

"படிக்கிறவன் மனசுலதான சார் அர்த்தம் இருக்கு? எனக்கு அப்படித்தான் படுது."

"உங்க அர்த்தம் உங்க மனசுலயே இருக்கட்டும். கல்லுல ஏன் ஏத்துனீங்க?"

எனக்கு மைப்பந்தை அவர் வேட்டியில் ஒற்றிவிடலாமா என்று இருந்தது. அத்தனை ஆத்திரம்.

3. என்ன மீன்?

சேதி எப்படித்தான் பறந்ததோ, குப்பத்துப் பஞ்சாயத்தார் வடிவேலு ஆட்களோடு வந்துவிட்டார். என்னைப் பார்த்தால் "மச்சான்" என்பார். எனக்கும் அவருக்கும் ஒரு உறவும் கிடையாது. மை பூசிய என் முகத்தைப் பார்த்துக் கேலிக்கு வைத்த முறை.

"மச்சான், அவம் பொய்யி அம்புட்டுக்கிச்சாமே! சார், அதத் தட்டிட்டு எங்க பேர எழுதிடுங்க. அதான நெசம்?"

ஆபீசர் தலையாட்டினார். "அந்த எடத்துல என்ன இருந்துதுன்னு தெரியல வடிவேலு. புள்ளிதான் வைப்பேன்."

"புள்ளியா? வலை கிழிஞ்சிருந்தா அந்த வழியா மீனு போயிருக்குன்னு நாங்க சொல்லுவோம். நீங்க ஓட்டையப் பாத்துக் கைய விரிக்கிறீங்களே!"

"மீனு போச்சுன்னு நானும் சொல்றேன். என்ன மீனுன்னு நீ சொல்லுவியா?"

வடிவேலு காறித் துப்பிவிட்டுப் போனார். அன்றைக்கு அவர் என்னை மச்சான் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை.

பஸ்ஸில் நான் ஆபீசரிடம் சண்டை பிடித்தேன். "ஒரு வரி எழுதினா என்ன சார்? பாவம், காலம் காலமா தூக்கினவுங்க. அவுங்க பேராத்தான் இருக்கும்."

"நீ படிச்சியா?"

"இல்ல. எனக்குப் படுது."

"அந்தாளும் இதையேதான சொன்னான்? அவனுக்குப் பட்டது உனக்குப் புடிக்கல, உனக்குப் பட்டது புடிச்சிருக்கு. வித்தியாசம் அவ்வளவுதானா?"

எனக்கு அவர் மேல் கோபம், அவர் சொன்னது சரியாக இருந்ததில் இன்னும் ஜாஸ்தி கோபம்.

4. மாசி மகம்

ரிப்போர்ட்டில் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் புள்ளிகள். கீழே ஒரு குறிப்பு: "இப்போது காணப்படுவது அண்மையில் வெட்டிய எழுத்து. மூலம் சிதைந்தது." குப்பத்துக்கு ஆதரவாக ஒரு சொல்கூட இல்லை. அறநிலைய அதிகாரி அதைப் படித்துவிட்டு, கல் யார் பக்கமும் பேசவில்லை, போன வருஷம் வரை யார் தூக்கினார்களோ அவர்களே தூக்கட்டும் என்று உத்தரவு போட்டார்.

மாசி மகத்துக்கு நானும் போயிருந்தேன். பல்லக்கை இறக்கிவிட்டு, ஈரத் தோளோடு வடிவேலு வந்தார்.

"மச்சான், கல்லுல எங்க பேரு இல்லாட்டிப் போவுது. அவம் பேரும் இல்லன்னு எழுதினாரே ஒங்க ஆபீசரு, அது போதும்."

எனக்குப் போதவில்லை. இன்றைக்கும் போதவில்லை. சிதைந்த அந்த இடத்தில் எழுத்தின் ஒரு கொம்பு, ஒரு கால், ஏதாவது மிச்சம் இருந்திருக்கும். நல்ல வெயில் சாய்வில், பொறுமையாகப் பத்துத் தாள் ஒட்டியிருந்தால் உண்மையான பெயரே கிடைத்திருக்கலாம். குப்பத்துக்காரர்கள் பெயராகவே இருந்திருக்கலாம். அதையும் சேர்த்துச் செதுக்கி எறிந்துவிட்டான் பாவி. தன் பெயரை ஏற்றியதைக் கண்டுபிடித்துவிட்டோம். அழித்தது எவர் பெயர் என்று இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். உங்களுக்கு ஒன்று தோன்றினால் தாராளமாகத் தோன்றட்டும். அதைத் தனித்தாளில் எழுதி, கீழே உங்கள் பெயரைப் போடுங்கள். தெரியாத இடத்தில் புள்ளி வையுங்கள். உங்களுக்கு அப்புறம் வருகிறவன் உங்களைவிட நல்ல கண்ணோடு வரலாம். அவன் பார்ப்பதற்குக் கல்லை விட்டுவையுங்கள்.